நேரில் பார்க்காத வளைவு

தடித்த டயர் சைக்கிள் வீட்டுக்கு வந்த அன்றே அதற்கு ஒரு விதிமுறை வகுத்துவிட்டேன். தார்ச்சாலையில் ஓட்டுவதில்லை. கிராம வரைபடத்தில் இரட்டைப் புள்ளிக் கோடாகக் காட்டியிருக்கும் பாதைகளில் மட்டும் ஓட்டுவது. வருவாய்த் துறையில் வாழ்நாளைக் கழித்து, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவனுக்கு விதிமுறை இல்லாமல் ஒரு காரியத்தைத் தொடங்கத் தெரியாது. மனைவி கேட்டுவிட்டு, "சைக்கிள் ஓட்றதுக்குமா ஜீ.ஓ. போடுவீங்க?" என்றாள். அரசாணை இல்லை, வெறும் சுற்றறிக்கைதான் என்றேன்.

கிராம வரைபடத்தில் ஒற்றைப் புள்ளிக் கோடு என்றால் ஒற்றையடிப் பாதை. இரட்டைப் புள்ளிக் கோடு என்றால் வண்டிப்பாதை. மாட்டு வண்டி போய்வரும் அகலத்துக்கு அரசாங்கம் விட்டு வைத்த மண். இவற்றில் பலவற்றுக்குத் தார் போட்டு, போட்டவர் பெயரைத் தாரைவிடக் கெட்டியான பலகையில் எழுதியாகிவிட்டது. மீதி இன்னும் கப்பியும் சரளையுமாகக் கிடக்கின்றன. வேலையில் இருந்தபோது இந்தக் கோடுகளின் மேல் விரலை வைத்து எத்தனையோ தகராறுகளைத் தீர்த்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவற்றின் மேல் காலை வைத்ததில்லை. அறுபத்து நான்கு வயதில், முட்டி தேயாமல் இருக்க சைக்கிள் மிதியுங்கள் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது. இந்தக் கோடெல்லாம் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது?

வாணியம்பாடியில் எங்கள் எதிர்வீட்டு பாய்க்கும் வேறு வேலை இல்லை. தோல் தொழிற்சாலையில் தரம் பிரிக்கும் மேசையில் நின்று ஓய்ந்தவர். ஒரு தோலைக் கையால் தடவிப் பார்த்து, இது முதல் செலக்ஷன், இது மூன்றாவது, இது கழிவு என்று அடுக்குப் பிரித்துப் போடுவது அவர் தொழில். ஆடு முள்வேலியில் உரசியதா, உண்ணி கடித்ததா, பட்டினி கிடந்ததா என்பது வரை விரலுக்குத் தெரிந்துவிடும் என்பார். என்னிடம் கியர் வைத்த சைக்கிள். அவரிடம் கேரியரில் அரிசி மூட்டை ஏற்றுகிற பழைய கறுப்பு சைக்கிள். மேட்டில் அவர்தான் முன்னால் போவார்.

"இன்னா சார், இருவத்தோரு கியரும் ரெஸ்ட்ல கீதா?" என்று மேட்டின் உச்சியில் காலை ஊன்றிக்கொண்டு கேட்பார்.

பாதைகளையும் அவர் தோலைப் போலத்தான் பிரித்தார். ஏலகிரி அடிவாரத்துச் செம்மண் சரளை முதல் செலக்ஷன். டயர் பட்டால் மெல்லப் பேசும். பாலாற்றுக் கரையில் உருண்டைக் கல் கிடப்பது மூன்றாவது. பஞ்சாயத்தில் ஜல்லியைக் கொட்டிவிட்டு ரோலர் வராமல் போன பாதை கழிவு. "இதுல ஏத்தினா ரீஜக்ட்டு சார், ட்யூபும் போச்சு, இடுப்பும் போச்சு." நான் வீட்டுக்கு வந்ததும் வரைபடத்தில் அந்தந்தக் கோட்டின் ஓரத்தில் பென்சிலால் அவருடைய தரத்தைக் குறித்து வைத்தேன். சர்க்கார் ஆவணத்தில் இப்படி ஒரு கட்டம் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

ஆலங்காயம் போகும் சாலையிலிருந்து கிழக்கே மலைப்பக்கம் உள்ள ஒரு சிற்றூருக்குப் போகும் கோடு எங்கள் கண்ணில் பட்டது இப்படித்தான். வரைபடத்தில் அது எனக்கு ஒரு புதிராக இருந்தது. சாலையிலிருந்து நூல் பிடித்ததுபோல் நேராகப் போகிற பாதை, நடு வழியில் காரணமே இல்லாமல் வில்லைப்போல் வளைந்து, மறுபடி பழைய நேருக்கு வந்து ஊருக்குள் நுழைகிறது. அந்த இடத்தில் கிணறு இல்லை, பாறை இல்லை, கோயில் இல்லை. இருந்தால் குறியீடு இருந்திருக்கும். மாட்டு வண்டிக்காரன் சும்மா ஒரு சுற்றுச் சுற்றிப் போக மாட்டான். மாட்டுக்குத் தெரியும்.

"மரம் இருந்துருக்கும்," என்றார் பாய்.

"மரம்னா இவ்ளோ பெரிய வளைவு எதுக்கு? பத்து தப்படி ஒதுங்கினா போதுமே."

"அப்ப போய்ப் பாத்துருவோம்."

மறுநாள் காலை போனோம். சாலையோரம் ஒரு பம்பு ஹவுஸ். அதன் பக்கத்தில் பாதை பிரிந்தது. நிலக்கடலைக் கொல்லைக்கு நடுவே நல்ல சரளை. பாய் இறங்கி ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்து, "செகண்டு. ஆனா நல்ல செகண்டு," என்றார். கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். புதிதாக நட்ட கல் தூண்கள், ஐந்து வரிசை முள்கம்பி, பாதைக்குக் குறுக்கே நீல பெயின்ட் அடித்த இரும்பு கேட், அதில் பூட்டு. உள்ளே வரிசையாக மாங்கன்று. கன்றுகளுக்கு இடையே பாதை தேய்ந்து தெரிந்தது. எட்டத்தில், நான் வரைபடத்தில் பார்த்த அதே இடத்தில், வெறும் தரையைச் சுற்றி அது வளைந்து போவதும் தெரிந்தது.

நான் வரைபடத்தை விரித்துக்கொண்டு நின்றபோது உள்பக்கத்திலிருந்து ஒரு பெண் சைக்கிளில் வேகமாக வந்தாள். நாற்பது வயது இருக்கும். புடவைக்கு மேல் ஷூ கம்பெனிக்காரர்கள் போடும் நீலக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை. இறங்கினாள், சைக்கிளைப் படுக்க வைத்தாள், கடைசிக் கம்பிக்கு அடியில் அதை எங்கள் பக்கம் தள்ளினாள். ஹேண்டில்பார் சிக்கிக்கொண்டது.

"பாய், அந்தக் கம்பியக் கொஞ்சம் தூக்கிப் புடிங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

பாய் தோள்துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு கம்பியைத் தூக்கினார். சைக்கிள் வந்தது. பின்னாலேயே அவளும் தவழ்ந்து வந்து எழுந்து கோட்டைத் தட்டிக்கொண்டாள்.

"சார் இன்னா, மேப்பெல்லாம் வெச்சினு நிக்கறாரு? சர்வேயரா?"

"ரெவின்யூல இருந்தேன். ரிடயர்டு ஆயிட்டேன்," என்றேன்.

"ரிடயர்டா? அப்ப பிரயோஜனம் இல்ல," என்று ஏறி மிதித்துவிட்டாள். சாலைப் பக்கம் ஒரு ஹாரன் கேட்டது. கொஞ்ச நேரம் விட்டு இன்னொன்று. பிறகு வண்டி கிளம்பும் சத்தம்.

பாய் சிரித்து முடிக்க நேரம் ஆனது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் அதே நேரத்துக்கு முன்பாகவே போய் நின்றோம். இந்த முறை அவளுக்குப் பேச ஐந்து நிமிடம் இருந்தது. சொன்னது இவ்வளவுதான். ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைத்து வருவதைச் சரிபார்க்கும் வேலை. கம்பெனி வேன் பம்பு ஹவுசில் நிற்கும். வந்ததும் ஒரு ஹாரன், கிளம்பும்போது ஒரு ஹாரன். நடுவில் யாருக்காகவும் காத்திருக்காது. இந்தப் பாதையில் வந்தால் வேனைப் பிடித்துவிடலாம். ஏரிக்கரையைச் சுற்றி லாரி ரோட்டில் வந்தால் அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே கிளம்ப வேண்டும். வீட்டுக்காரருக்கு முதுகுத்தண்டில் அடி, படுத்திருக்கிறார். இவளுடைய சம்பளம்தான் வீடு. கேட் போட்ட பிறகு இரண்டு தடவை வேன் போய்விட்டது. இன்னொரு தடவை என்றால் வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டான்.

"அடிக் கம்பிக்குக் கீழ இன்னொன்னு இழுக்கப் போறேன்னு கொல்லைக்காரர் சொல்றாரு சார். அப்புறம் நான் பாம்பு மாரி ஊர்ந்தாத்தான் உண்டு. சைக்கிளு ஊருமா?"

இந்த இடத்தில்தான் எனக்குப் பழைய நாற்காலி நினைவுக்கு வந்தது. "கவலப்படாதம்மா. இது அரசாங்க வண்டிப்பாதை, மேப்ல இருக்குது. யாரும் கேட் போட முடியாது," என்று ஆரம்பித்து, மனுவை யார் பெயருக்கு எழுதுவது, எத்தனை நகல் எடுப்பது, ஒப்புகைச் சீட்டை எப்படி மறக்காமல் வாங்குவது என்று வகுப்பெடுத்தேன். முதல் ஹாரன் கேட்டதும் அவள் போய்விட்டாள். மீதியைப் பாய் கேட்டார்.

கொல்லைக்காரரை அன்று சாயங்காலமே பார்த்தோம். பைக்கில் வந்தார். வில்லனாக இருப்பார் என்று எதிர்பார்த்துப் போனவனுக்கு ஏமாற்றம். சோளிங்கர் மலைக்கு மாலை போட்டிருந்த, சாதுவான மனிதர். ஏரி மண் அள்ளும் டிராக்டர்கள் குறுக்கே புகுந்து கன்றுகளை நசுக்கிவிட்டுப் போகின்றன, அதனால்தான் கேட் என்றார்.

"ஆனா இது வண்டிப்பாதைங்களே," என்று வரைபடத்தைக் காட்டினேன்.

அவர் பைக்கின் பெட்டியிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட காகிதங்களை எடுத்தார். புதிய கணினி வரைபடம். அதில் அந்தப் புலத்தின் குறுக்கே புள்ளி ஏதும் இல்லை. சுத்தமாக இருந்தது.

"நான் வாங்கறதுக்கு முந்தியே பாதைய எடுத்துட்டாங்க சார். இதுக்கு முன்ன வெச்சிருந்தவரு ஆர்டர் வாங்கிக் கீறாரு. உங்க ஆபீசு குடுத்த பேப்பர நம்பித்தானே நான் வாங்கினேன். அதுலயே நம்பிக்க இல்லன்னா நான் எத சார் நம்புறது?"

நியாயமான கேள்வி. ஆணை எண்ணைக் குறித்துக்கொண்டேன். திரும்பி வரும்போது வழியெல்லாம் எனக்கு ஒரே குறுகுறுப்பு. தினம் சைக்கிள் ஓடுகிற பாதையை உபயோகத்தில் இல்லை என்று சொல்லித்தான் எடுத்திருக்க முடியும். வேறு வழி சட்டத்தில் இல்லை. அப்படிச் சொன்ன புத்திசாலி யார் என்று பாயிடமே கேட்டேன்.

"கண்டுபுடிச்சா இன்னா சார் பண்ணுவீங்க?"

"ஒரு பாராட்டுக் கடிதம் எழுதலாம்னு இருக்கேன்," என்றேன்.

மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது கோப்புகளைச் சாக்கில் கட்டி லாரியில் அனுப்பினார்கள். அவற்றில் சில சாக்குகள் இன்னும் பிரிக்கப்படவில்லை. நான் வேலை பார்த்த அந்தத் தாலுகா அலுவலகத்தில் இப்போது துணை வட்டாட்சியராக இருப்பவர் என்னிடம் தட்டச்சராக இருந்தவர். எழுந்து நின்று, நாற்காலியைத் துடைத்து, டீ சொன்னார். ஆணை எண்ணைக் கொடுத்தேன். பதிவறையில் இரண்டு மணி நேரம் தேடி, தூசியோடு எடுத்து வந்தார். கொடுக்கும்போது அவர் முகம் சரியில்லை. "சார், டீ ஆறுது, மொதல்ல சாப்டுங்க," என்றார்.

கோப்பில் ஒரு புலத்தணிக்கை அறிக்கை இருந்தது. "மேற்படி இடத்தை நேரில் புலத்தணிக்கை செய்தேன். பாதையானது புதர் மண்டி, நேர்ப்பாதையாக, உபயோகமற்று உள்ளது. ஆட்சேபணை ஏதுமில்லை." அடியில் கையெழுத்து. பச்சை மை. முதல் எழுத்தில் தேவையில்லாமல் ஒரு சுழி. அந்தச் சுழி நான் கல்லூரியில் படிக்கும்போது பழகியது.

எனக்கு அந்த நாள் நினைவில்லை. அதுதான் உண்மை. நினைவில் இருந்திருந்தால் ஒரு காரணமாவது சொல்லியிருப்பேன். ஆனால் அப்போதைய நடைமுறை நன்றாக நினைவிருக்கிறது. வருடக் கணக்கு முடிக்கும் ஜமாபந்தி நெருங்கும்போது நிலுவைக் கோப்புகளைத் தீர்க்கச் சொல்லி நெருக்குவார்கள். ஜீப்புக்கு டீசல் இருக்காது. கீழிருந்து ஒரு அறிக்கை வரும். அதன் வாசகத்தையே மேலே எடுத்து எழுதி, முன்னால் "நேரில்" என்ற சொல்லைச் சேர்த்தால் அது நம்முடைய தணிக்கை ஆகிவிடும். அலுவலக வேப்பமரத்தடியில் ஒரு பிற்பகலில் நாங்கள் பல கிராமங்களை நேரில் பார்த்திருக்கிறோம். யாரும் அதைப் பொய் என்று நினைத்ததில்லை. கையூட்டு வாங்காதவன் என்று எனக்கு நல்ல பெயர் உண்டு. வாங்காமலே செய்திருக்கிறேன் என்பது அன்றுதான் உறைத்தது.

"நேர்ப்பாதை" என்று எழுதியிருந்ததுதான் என்னை அதிகம் குத்தியது. அந்த வளைவை நான் அன்று வரைபடத்தில் கூடப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் பாயைத் தவிர்த்தேன். சைக்கிளுக்குப் பிரேக் சரியில்லை என்று மனைவியிடம் சொல்லி அனுப்பினேன். மூன்றாம் நாள் அவரே ஸ்பேனரோடு வந்து பிரேக்கைப் பிடித்துப் பார்த்தார். அது பிரமாதமாக வேலை செய்தது. பிறகு என்னைப் பார்த்தார். சொல்லிவிட்டேன்.

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "எங்க மேசையில தோலப் பாக்காம முத்திர குத்தினா அன்னிக்கே எழுப்பி வுட்ருவாங்க சார். ஏன்னா ஏமாத்த முடியாது. கப்பல்ல போன சரக்கு கப்பல்லயே திரும்பி வரும், முத்திர யாருதுன்னு பேரோட." கொஞ்சம் யோசித்தார். "உங்க சரக்கு வர லேட்டு. ஆனா வந்துட்ச்சு."

"இப்ப இன்னா பண்றது?" என்று அவருடைய பாஷையிலேயே கேட்டேன்.

"அத நீங்கதான் சொல்லணும். ரூல் தெரிஞ்சவரு நீங்க. ஆனா ஒண்ணு, அடிக் கம்பி இழுத்துட்டாங்க. நேத்து அந்தம்மா சைக்கிள அந்தப் பக்கமே போட்டுட்டு, கம்பி சந்துல பூந்து ஓடிச்சு. கோட்டு கிழிஞ்சிட்ச்சு. ரெண்டாவது ஹாரனும் அடிச்சிட்டான், வேனு நவுந்துனு இருந்துச்சு. நான் குறுக்க சைக்கிளப் போட்டு நிறுத்தி ஏத்தி வுட்டேன். டிரைவரு என்ன அவன் பாஷையில திட்டினான், நான் என் பாஷையில திட்டினேன். தெனம் நான் இருப்பனா?"

வழி எனக்குத் தெரிந்திருந்தது. அந்த ஆணை என் அறிக்கையை நம்பிப் போடப்பட்டது. அறிக்கை தந்தவனே அது தவறு என்று எழுதிக் கொடுத்தால் மேல் அலுவலகம் மறு தணிக்கைக்கு உத்தரவிடலாம். இன்னொன்றும் எனக்குத் தெரிந்திருந்தது. ஓய்வு பெற்றவன் மேல் பழைய சம்பவத்துக்காக நடவடிக்கை தொடங்க ஒரு கால வரம்பு உண்டு. என் விஷயத்தில் அது எப்போதோ தாண்டிவிட்டது. இதை முதலில் விதிப்புத்தகத்தில் சரிபார்த்துக்கொண்டு, பிறகுதான் பேனாவை எடுத்தேன். தைரியம் என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டத் தயாராக இருக்கிறேன்.

எழுதியதை எடுத்துப் போனபோது என் பழைய தட்டச்சர் இரண்டு முறை படித்தார்.

"சார், 'நேரில் செல்லாமலேயே அறிக்கை அளித்தேன்'னு எதுக்கு சார்? 'எழுத்தர் பிழையால் தவறுதலாக'ன்னு போட்டுக்கலாம். எல்லாருக்கும் நல்லது."

"அந்த எழுத்தர் யாருப்பா? நீதான் அப்ப டைப் பண்ணது."

"ஐயோ, அப்ப வேணாம் சார், இதே இருக்கட்டும்," என்றார் அவசரமாக.

மனு அவள் பெயரில், என் வாக்குமூலம் இணைப்பாக. நகல் மூன்று, ஒப்புகைச் சீட்டு ஒன்று. மறு தணிக்கைக்கு உத்தரவு வர எதிர்பார்த்ததைவிடக் கொஞ்ச நாள்தான் அதிகம் பிடித்தது. அதுவரை பாய் காலையில் பம்பு ஹவுசில் சைக்கிளை வேனுக்கு முன்னால் நிறுத்தி, செயின் கழன்றுவிட்டதாகச் சொல்லி மாட்டிக்கொண்டிருப்பார். டிரைவருக்கும் தெரியும், செயினுக்கும் தெரியும்.

உத்தரவு வந்த அன்று என் பழைய தட்டச்சரிடமிருந்து போன். "சார், ஒரு சின்ன உதவி. உங்களுக்கு அந்த எடம் நல்லாத் தெரியும். நீங்களே தணிக்க அறிக்கைய டிராப்ட் பண்ணிக் குடுத்துடுங்க. நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிடறேன். இங்க ஒரே பேஜாரு, எலக்ஷன் வேல வேற."

சத்தியமாகச் சொல்கிறேன், ஆசை வந்தது. ஐந்து நிமிட வேலை. நான் எழுதினால் எந்த மேல்முறையீட்டிலும் உடையாத அறிக்கையாக இருக்கும். அவளுக்கு நாளைக்கே பாதை. இந்த முறை உள்ளடக்கம் முழுவதும் உண்மை. "நேரில்" என்ற ஒரு சொல் மட்டும்தான் பொய்.

"நாளைக்குக் காலையில ஆறரை மணி. பம்பு ஹவுஸ்," என்றேன்.

"சார், ஆறரைக்கா?"

"வேன் அந்த நேரத்துக்குத்தான் வருது."

வந்தார். நன்றி சொல்ல வேண்டும், ஸ்வெட்டரோடு, ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்தார். கொல்லைக்காரர் கேட்டைத் திறந்து வைத்திருந்தார். கார் சரளையில் கொஞ்ச தூரம் வந்து நின்றுவிட்டது. இறங்கி நடந்தோம். கேட்டைத் தாண்டி, மாங்கன்றுகளுக்கு நடுவே, எனக்கு அந்தப் பாதையில் முதல் நடை. நடக்க வேண்டிய தேதிக்குப் பல வருடங்கள் கழித்து.

வளைவுக்கு வந்ததும் நான் நின்றேன். வெறும் தரை. லேசாகப் பள்ளம், அவ்வளவுதான். துணை வட்டாட்சியர் குறுக்கே நேராக நடக்கப் போனார்.

"இருங்க சார்," என்றார் பாய். செருப்பைக் கழற்றிவிட்டு, தோலைத் தடவுவதுபோலப் பாதத்தால் தரையைத் தடவினார். குதிகாலால் குத்தினார். மேல் மண் உடைந்து அடியில் வெளுப்பாக, களிமாதிரி வந்தது. குனிந்து ஒரு கட்டியை எடுத்து விரலால் நசுக்கி என் மூக்குக்கு நேராக நீட்டினார். உள்ளே சாம்பல் நிறத்தில் மயிர்ப் பொதி.

"ஆட்டு முடி. இது சுண்ணாம்புக் குழி சார். முந்தி யாரோ இங்க சின்னதா தோல் ஊற வெச்சிருக்காங்க. முடி கழல சுண்ணாம்புல போடுவோம் இல்ல, அது. மூடிட்டாலும் உள்ள எளக்கமா கெடக்கும். வண்டி எறங்கினா சக்கரம் அச்சு வரைக்கும் பூடும். அதான் சுத்தினு போயிருக்கான்."

கொல்லைக்காரர்தான் எங்கள் எல்லாரையும்விட அதிகமாக ஆச்சரியப்பட்டார். "அடடே! இந்த எடத்துல மட்டும் கன்னு நிக்கவே மாட்டேங்குது சார். மூணு தபா வெச்சுட்டேன். எரு கம்மியோன்னு ஜாஸ்தியாப் போட்டேன், அப்பவும் கருகிப் போச்சு. மண்ண டெஸ்ட்டுக்கு அனுப்பலாம்னு இருந்தேன்."

"டெஸ்ட்டு முடிஞ்சிட்ச்சு. ரீஜக்ட்டு," என்றார் பாய், கையைத் துடைத்துக்கொண்டே.

நான் வரைபடத்தை எடுத்து அந்த வில்லின் உள்பக்கம் பென்சிலால் ஒரு சிறிய வட்டம் போட்டேன். இதை வரைந்த அளவையாளன் எவனோ, அவன் இங்கே வந்திருக்கிறான். குழிக்கு அவனிடம் குறியீடு இல்லை. ஆனால் வண்டி எப்படிப் போனதோ அப்படியே கோட்டை வளைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

அப்போது ஊர்ப்பக்கத்திலிருந்து சைக்கிள் மணி கேட்டது. அவள்தான். கிழிந்த கோட்டை நீல நூலால் தைத்திருந்தாள். எங்களைப் பார்த்து வேகத்தைக் குறைத்து ஒரு காலை ஊன்றினாள். துணை வட்டாட்சியர் நோட்டைத் திறந்தார்.

"மனு குடுத்தது நீங்கதானம்மா? இந்தப் பாதைய எத்தன வருஷமா உபயோகப்படுத்தறீங்க? வேற யார் யாரு..."

சாலைப் பக்கம் முதல் ஹாரன் கேட்டது.

"சார், நீங்க கேட்டு முடிக்கறதுக்குள்ள வேனு போய்டும். சாயங்காலம் வர்றேன், எல்லாம் சொல்றேன்," என்று ஏறினாள். வளைவில் சாயாமல், மிதிப்பதை நிறுத்தாமல், பார்க்காமலே திரும்புகிறவள்போலத் திரும்பி, திறந்திருந்த கேட் வழியாகப் போய்விட்டாள்.

துணை வட்டாட்சியர் பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "வாக்குமூலம் இல்லாம இன்னா சார் எழுதறது?"

"இப்ப பாத்தியே, அத எழுது."

எழுதினார். எட்டிப் பார்க்கவில்லை, பார்க்க ஆசைதான். எழுதி முடித்து, இறுதி ஆணை வரும்வரை பாதையை அடைக்கக் கூடாது என்று கொல்லைக்காரரிடம் சொன்னார். அவர் தலையைச் சொறிந்தார்.

"கேட்ட எடுத்துடறேன் சார். எனக்கு சைக்கிளு மேல கோவம் இல்ல. டிராக்டருதான். பாதைக்கு நடுவுல ஒத்தக் கல்லு ஒண்ணு நட்டுக்கட்டுமா? சைக்கிளு போவும், ஆளு போவும், டிராக்டரு போவாது."

"சார், அப்படி நடலாமா? ரூல் இருக்குதா?" என்று துணை வட்டாட்சியர் என்னிடம் திரும்பினார்.

இருக்கிறது. வண்டிப்பாதையின் முழு அகலமும் தடையில்லாமல் இருக்க வேண்டும். நடுவில் கல் என்பது ஆக்கிரமிப்பு. எந்தப் பிரிவு, எந்தப் பக்கம் என்பது கூட எனக்குத் தெரியும். மூன்று பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"அதெல்லாம் மறந்துபோச்சு," என்றேன்.

பாய் வேறு பக்கம் திரும்பி இருமினார்.

இரண்டாவது ஹாரன் கேட்டது. வேன் கிளம்பும் சத்தமும் கேட்டது. நான்கு பேரும் கொஞ்சம் வேகமாகவே சாலையை நோக்கி நடந்தோம். பம்பு ஹவுஸ் சுவரில் அவளுடைய சைக்கிள் பூட்டிச் சாய்ந்திருந்தது. பின் சக்கரம் இன்னும் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது என்று எழுத ஆசை. பூட்டிய சக்கரம் சுற்றாது. நேரில் பார்த்தேன்.